நனிசைவச் சமையல் புத்தகங்கள்: வன்னிக் குசினிக்கு எவை பயன்படும்?

புதுக்குடியிருப்பில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். மீனும் இறைச்சியும் விட்டு நாலு வருடம் ஆகிறது, இப்போது பால், தயிர், முட்டை, தேன் எல்லாவற்றையும் விட்டுவிட்டீர்கள். ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அக்கா ஒரு பெட்டி புத்தகம் அனுப்பத் தயாராக இருக்கிறார். "வீகன் சமையல் புத்தகங்களில் நல்ல பத்துப் பெயர் சொல்லுங்கோ, வீட்டில ஒரு சின்ன நூலகம் மாதிரிச் சேர்க்க ஆசை" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தீர்கள்: ஏற்கெனவே ஒரு புத்தகம் வாங்கினேன், அதில் இருந்து இன்னும் ஒன்றுகூடச் சமைக்கவில்லை. அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பத்துப் பெயர் சொல்வது சுகம். அந்தப் பத்தும் அலுமாரியில் தூசி பிடிக்காமல் உங்கள் அடுப்படிக்கு வருமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலைகளில் 26 வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தேன். அதில் 6 வருடம் பாடசாலை நூலகமும் என் பொறுப்பில் இருந்தது. வீட்டில் இப்போது ஐம்பதுக்குக் கிட்டச் சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. நான் முழு நனிசைவம் இல்லை, தயிர் சாப்பிடுகிறேன். என் மகள் 7 வருடமாக நனிசைவம். அவளுக்காகச் சமைத்துச் சமைத்துப் பழகியதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் வைத்தியரோ போசாக்கு நிபுணரோ இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீகன் என்பதற்கு நனிசைவம் என்ற சொல் தமிழில் வந்துவிட்டது. எனக்கு அது பிடித்திருக்கிறது, ஏனென்றால் நம் சைவத்துக்கும் இதற்கும் உள்ள உறவையும் தூரத்தையும் ஒன்றாகச் சொல்கிறது. ஆங்கிலச் சொல் பிறந்தது 1944 இல். இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் சில நண்பர்களும் பாலும் முட்டையும் கூட வேண்டாம் என்று தனியாக ஒரு சங்கம் தொடங்கியபோது அந்தப் பெயரை வைத்தார்கள். 1946 இலேயே ஃபே ஹெண்டர்சன் என்ற பெண்மணி அந்தப் பெயரோடு ஒரு சமையல் புத்தகம் எழுதிவிட்டார். போருக்குப் பிந்திய பங்கீட்டு அட்டைக் காலத்தில், கிடைத்ததை வைத்துச் சமைத்தவர்கள் அவர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நனிசைவப் புத்தகம் என்றாலே கஜுப் பருப்பில் செய்த சீஸும் பளபளக்கிற படமும் என்று இன்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. தொடக்கத்தில் அது அப்படி இருக்கவில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. நம் மரக்கறிச் சமையலில் பெரும்பகுதி ஏற்கெனவே நனிசைவம்தான். காரணம் தேங்காய். இந்தியச் சமையலில் பாலும் தயிரும் நெய்யும் செய்கிற வேலையை இங்கே தேங்காய்ப்பாலும் தேங்காய்ப்பூவும் நல்லெண்ணெயும் செய்கின்றன. சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய்க்கறி, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், குரக்கன் புட்டு, இலைக்கஞ்சி, ஆடிக்கூழ், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், எதை எடுத்தாலும் மாட்டுப்பால் அதற்கு அவசியம் இல்லை. கிளிநொச்சி அம்மாச்சி உணவகத்துக்குப் போனால் அங்கே சமைக்கிற பெண்களிடம் எது பால் படாதது, எது முட்டை படாதது என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கட்டாயம் தேறும். ஆக, சோறு கறிக்காக நீங்கள் வெளிநாட்டுப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. உங்களுக்கு வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தயிர் இருந்த இடம், பிள்ளையின் பிறந்தநாள் கேக், பாடசாலைக்குக் கட்டிக்கொடுக்கிற சாப்பாடு, வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் மணத்த வீட்டில் மீன் இல்லாமல் ஒரு கூழ். அப்புறம் ஒரே சுவை அலுக்கும்போது கைகொடுக்க ஏதாவது. அந்த இடங்களுக்குத்தான் புத்தகம் வேண்டும்.

தயிரையும் தேனையும் பற்றி ஒரு வார்த்தை. வன்னியில் இருந்துகொண்டு அந்த இரண்டையும் விடுவது லேசான காரியம் இல்லை. விருந்துக்குப் போன வீட்டில் சட்டித்தயிர் வரும், காட்டுத்தேன் வரும், வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். எந்தப் புத்தகமும் இதற்கு வழி சொல்லாது. என் மகள் போகிற வீட்டுக்கு எள்ளுருண்டையோ கச்சான் அல்வாவோ கொண்டு போவாள், அது ஓரளவு சரிவந்தது.

இனிப் புத்தகங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற புத்தகங்களில் இருந்து தொடங்குங்கள். புதிதாக எதுவும் வாங்குமுன் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பழைய சமையல் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகத் திருத்துங்கள். இங்கே இரண்டு சிக்கல் இருக்கின்றன, இரண்டும் என் மாணவிகளை வருடாவருடம் தடுமாற வைத்தவை. முதலாவது "பால்" என்ற சொல். நாங்கள் எழுதுகிற செய்முறையில் "முதற்பால் விட்டு இறக்கவும்" என்றால் தேங்காயின் முதற்பால். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் "ஒரு கப் பால்" என்றால் மாட்டுப்பால். இரண்டு வகைப் புத்தகமும் ஒரே அலுமாரியில் இருக்கும்போது, எது எந்தப் பால் என்று ஓரத்தில் குறித்து வைக்காவிட்டால் அவசரத்தில் பிழை வரும். மாற்றும்போதும் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்ற முடியாது. முதற்பாலில் கொழுப்பு அதிகம், அதைக் கனநேரம் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். மாட்டுப்பால் அரை மணிநேரம் கொதிக்கிற பாயசத்தில் நான் இரண்டாம் பாலில் வேகவைத்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வரும்போதே இறக்கிவிடுவேன்.

இரண்டாவது சிக்கல் மாசிக்கருவாடு. இலங்கைச் சமையல் பற்றி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வந்த புத்தகங்களில் மரக்கறிப் பகுதியைத் திறந்தால், தேங்காய்ச் சம்பலிலும் சுண்டலிலும் பருப்பிலும் கூட மாசி சேர்த்திருப்பார்கள். தலைப்பில் மரக்கறி என்றுதான் இருக்கும், மாசி பொருட்பட்டியலின் நடுவில் இருக்கும். கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வாழ்ந்து எழுதிய சார்மெய்ன் சாலமனின் 1976 ஆம் ஆண்டுப் பெரிய ஆசியச் சமையல் புத்தகத்தில் இலங்கைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. நல்ல பகுதிதான், ஆனால் இந்தக் கண்ணோடு வாசிக்க வேண்டும். மாசியை எடுத்துவிட்டால் சம்பல் வெறுமையாக இருக்கும் என்பதும் உண்மைதான். நான் கொஞ்சம் வெங்காயத்தை நன்றாகச் சிவக்கப் பொரித்து இடித்துச் சேர்ப்பேன், உப்பை ஒரு சிட்டிகை கூட்டுவேன். அது மாசியின் சுவை இல்லை. சம்பலுக்கு ஒரு அடிச்சுவை கிடைக்கும், அவ்வளவுதான்.

தமிழில் ஒரு புத்தகம் கட்டாயம் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951 இல் முதற்பாகம் வந்தது. முழுச் சைவம், ஆனால் நனிசைவம் இல்லை. நெய்யும் மோரும் தயிரும் தாராளமாக வரும், பழைய பதிப்புகளில் ஆழாக்குப் போன்ற பழைய அளவுகள் வரும். அப்படியிருந்தும் ஏன் சொல்கிறேன்? குழம்பு, கூட்டு, பொடி, வற்றல், வடகம் என்று ஒரு பொருளை எத்தனை விதமாக நடத்தலாம் என்பதை அந்த அம்மையார் படிப்படியாகச் சொல்லித்தருகிற மாதிரி சொல்பவர்கள் குறைவு. தாளிக்கிற நெய்யை நல்லெண்ணெய் ஆக்கினால் பெரும்பாலான செய்முறைகள் உங்களுக்குச் சரியாகிவிடும். மோர்க்குழம்பு மட்டும் எனக்கு இன்னும் சரிவரவில்லை. தேங்காய்ப்பாலில் தேசிக்காய் பிழிந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது சொதி. நம் பக்கச் சமையலுக்கு ஆங்கிலத்தில் நேசா எலியேசர் பதிப்பித்த யாழ்ப்பாணத் தமிழர் சமையல் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் மீனும் இறைச்சியும் நிறைய. ஆனால் மரக்கறிகளும் பலகாரங்களும் பிரயோசனமானவை, அக்காவின் பிள்ளைகள் வாசிக்கவும் உதவும்.

இப்போது ரொறன்ரோப் பெட்டிக்கு வருவோம். கனடா, அமெரிக்கா, இங்கிலாந்து என்று வருகிற நனிசைவப் புத்தகங்களில் பெரும்பகுதி அந்த ஊர்ச் சுப்பர்மார்க்கட்டை நினைத்து எழுதப்பட்டவை. ஊட்ட ஈஸ்ட் (நியூற்றிஷனல் யீஸ்ட்), ரோஃபு என்கிற சோயாக்கட்டி, பாதாம் பால், கஜுக் கிரீம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் வரும். உங்கள் ஊர்ச் சந்தையில் இவை இல்லை, இருந்தாலும் விலை தாங்காது. உங்கள் முதல் புத்தகம் அலுமாரியிலேயே இருந்துவிட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் சோம்பல் இல்லை அது.

இதற்கு நான் கண்ட வழி, கலிபோர்னியாவை விட்டு ஆபிரிக்காப் பக்கம் பார்ப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் வன்னி மண்ணில் என்ன விளைகிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குரக்கன் கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலங்களில் பயிராகி இங்கே வந்த தானியம். கௌபியும் ஆபிரிக்காவில் இருந்து வந்தது, அங்கே அதுதான் கறுப்புக்கண் பயறு. வத்தகப்பழத்தின் தாய்நிலமும் ஆபிரிக்காதான். கச்சான் தென்னமெரிக்காவில் பிறந்தது, ஆனால் மேற்கு ஆபிரிக்கச் சமையல் அதை முழுமையாகத் தன்னுடையது ஆக்கிக்கொண்டது. முல்லைத்தீவு மணலில் கச்சான் விளைகிற ஒருவருக்கு கச்சானை அரைத்துக் குழம்பு வைக்கிற ஊரின் புத்தகம் பிரயோசனப்படுமா, கஜுவை ஊறவைத்து அரைக்கிற ஊரின் புத்தகம் பிரயோசனப்படுமா? வெண்டி, மரவள்ளி, வற்றாளை, ஈரப்பலா, வாழைக்காய், தேங்காய்ப்பால் என்று கரீபியன் தீவுகளின் சமையலும் நமக்கு மிகக் கிட்ட. அங்கே ரஸ்தஃபாரி மார்க்கத்தவர்களின் 'ஐட்டல்' சமையலில் தேங்காய்ப்பாலில் பூசணியும் அவரையும் வேகவைப்பார்கள். நாங்கள் வாசித்தால் நம் வீட்டுக் கறி என்றே தோன்றும், தாளிதம் மட்டும் மாறும்.

ஆகவே அக்காவிடம் முதலில் கேட்க வேண்டியது பிரயன்ட் டெரி எழுதிய 'ஆஃப்ரோ வீகன்'. 2014 இல் வந்தது. கறுப்பின அமெரிக்கரான அவர், தன் மக்களின் கீரையும் பயறும் வெண்டியும் எப்போதோ தங்களிடம் இருந்தவைதான் என்று எடுத்துக்காட்டி, ஆபிரிக்காவையும் கரீபியனையும் அமெரிக்கத் தெற்கையும் ஒரே அடுப்பில் வைத்துச் சமைக்கிறார். எனக்கு அந்தப் புத்தகம் சமையலுக்கு மேலாக ஒரு தைரியம் தந்தது. நம் சமையலையும் இப்படி எழுதலாமே என்று. அடுத்தது கிட்டீ பேர்ன்ஸ் எழுதிய 'டெஃப் லவ்', 2015. எத்தியோப்பியச் சமையல். அங்கே ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் நீண்ட தவக்காலங்களும் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொடமாட்டார்கள், வருடத்தில் பாதிக்குக் கிட்ட நோன்பு நாட்கள். அதனால் அவர்களிடம் நூற்றாண்டுகளாகப் பழுத்த ஒரு நனிசைவச் சமையல் இருக்கிறது. மைசூர்ப்பருப்பில் ஒரு உறைப்புக் குழம்பு வைப்பார்கள். நிறைய வெங்காயத்தை எண்ணெய் விடாமலே சட்டியில் மெதுவாக வதக்கி, நீர் வற்றிய பிறகுதான் எண்ணெய் விடுவார்கள். இந்த ஒரு முறைக்காகவே அந்தப் புத்தகம் என் அலுமாரியில் இருக்கலாம். நம் பருப்புக்கறியை இந்த விதத்தில் வைத்துப் பார்த்தேன், பிள்ளைகள் இரண்டாம்முறை போட்டுச் சாப்பிட்டார்கள். டெஃப் தானியம் இங்கே கிடைக்காது, அவர்களின் புளித்த மா ரொட்டிக்குப் பதில் நம் தோசை போதும். அவர்கள் மசாலாத்தூளுக்குப் பதில் நம் வறுத்த மிளகாய்த்தூளோடு கொஞ்சம் ஏலமும் இஞ்சியும் சேர்த்தால் கிட்ட வரும், அதேதான் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாவது, ரிச்சா ஹிங்கிள் எழுதிய 'வீகன் ரிச்சாஸ் இந்தியன் கிச்சன்', 2015. வட இந்தியச் சாப்பாட்டில் தயிர், பனீர், நெய் இருந்த இடத்தை எதால் நிரப்புவது என்று தெரிந்துகொள்ள இது நல்லது. ஆனால் ரோஃபுவும் கஜுவும் இதிலும் வருகின்றன என்பதால் அரைவாசியைத்தான் நீங்கள் சமைப்பீர்கள். நாலாவதாக ஈசா மொஸ்கோவிற்சும் ரெரி ஹோப் ரொமேரோவும் 2007 இல் எழுதிய 'வீகனொமிகன்'. பெரிய புத்தகம், அமெரிக்கச் சமையல், முறைகளைச் சொல்லித்தருவதால் அடிப்படைப் புத்தகமாக ஒன்று இருக்கட்டும். இத்துடன் நிறுத்துங்கள். நாலு புத்தகம் போதும். இன்னும் ஆறு பெயர் என்னால் சொல்ல முடியும், ஆனால் இந்த நாலில் இருந்து இருபது செய்முறை சமைத்த பிறகு எது போதவில்லை என்று உங்களுக்கே தெரியும். ஐந்தாவதை அப்போது கேட்டு வாங்குங்கள்.

வாங்குமுன் பார்க்க ஒரு வழியும் இருக்கிறது. ரொறன்ரோவின் பொது நூலகம் பெரியது, அக்கா அங்கே இரவல் எடுத்துப் பார்க்கலாம். நூலகங்கள் புத்தகங்களை எண் போட்டு அடுக்குகிற தூயி பகுப்பு முறையில் சைவ, நனிசைவச் சமையல் 641.5636 என்ற எண்ணின் கீழ் இருக்கும், இலங்கைச் சமையலைத் தேடினால் 641.595493. புத்தகத்தை நடுவில் எங்காவது திறந்து, தொடர்ந்து வருகிற 10 செய்முறைகளின் பொருட்பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் குறைந்தது ஆறு உங்கள் சந்தையிலும் கடையிலும் கிடைக்கிற பொருளால் சமைக்கக்கூடியதாக இருந்தால் வாங்கலாம். மூன்றுக்குக் குறைவென்றால் எவ்வளவு அழகான புத்தகமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கடைசிப் பக்கத்துச் சொல்லடைவையும் பார்க்கச் சொல்லுங்கள். கத்தரிக்காய் என்ற சொல்லின் கீழே எத்தனை பக்க எண் இருக்கிறது? பொருளை வைத்துத் தேட முடியாத சமையல் புத்தகம், சந்தையில் கத்தரிக்காய் மலிந்த நாளில் உதவாது. கொழும்புக்குப் போகிற யாராவது இருந்தால், செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி நடக்கும், மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகள் உண்டு. நம்மவர்களின் பழைய மலர்களையும் சஞ்சிகைகளையும் 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். அவற்றின் மகளிர் பக்கங்களில் சமையல் குறிப்புகள் வந்திருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் சமைக்கும்போது பிழைப்பதற்கு இன்னொரு காரணம் அளவு. அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியக் கப் 250. அது பெரிய வித்தியாசம் இல்லை. மேசைக்கரண்டியில்தான் விஷயம் இருக்கிறது. மற்ற நாடுகளில் அது 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. மெல்பேர்ணில் இருந்து வந்த புத்தகத்தில் ஒரு மேசைக்கரண்டி என்பதை நீங்கள் சின்னக் கரண்டியால் போட்டால் காற்பங்கு குறைந்துவிடும். மறுபக்கம், ரொறன்ரோப் புத்தகத்துக்கு அவுஸ்திரேலியக் கரண்டியைப் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். குழம்பில் அது தெரியாது. அப்பச்சோடாவிலும் பேக்கிங் பவுடரிலும் கட்டாயம் தெரியும். அமெரிக்கப் பைன்ற் 473, ஆங்கிலப் பைன்ற் 568. சூட்டை ஃபரனைற்றில் சொன்னால் 350 என்பது ஏறக்குறைய 177 பாகை செல்சியஸ். உங்கள் வீட்டுச் சுண்டையும் தேத்தண்ணீர்க் கோப்பையையும் ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து, எத்தனை மில்லிலீற்றர் என்று அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் வகுப்பில் முதல் நாள் செய்வித்த வேலை அதுதான்.

புத்தகம் வந்த ஆண்டையும் பாருங்கள். முட்டைக்குப் பதில் என்ன என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. கடலை அவித்த தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கும் என்பதை 2014 இல் ஜோயெல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியே சொன்னார், அடுத்த வருடம் அமெரிக்கர் ஒருவர் அதற்கு அக்வஃபாபா என்று பெயர் வைத்தார். ஆகவே அதற்கு முந்திய புத்தகங்களில் இது இருக்காது. நமக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் கடலை அவிக்காத வீடு இல்லை. ஒரு முட்டைக்கு 3 மேசைக்கரண்டி என்பது வழக்கமான கணக்கு. தண்ணீர் கொழகொழவென்று இருக்க வேண்டும், நீர்த்துப்போயிருந்தால் அடுப்பில் வைத்துக் கொஞ்சம் வற்றவிடுங்கள். உப்புப் போட்டு அவித்த தண்ணீரைக் கேக்குக்கு எடுக்காதீர்கள். போறணை இல்லாவிட்டால் கேக்கை ஆவியில் அவிக்கலாம், மேல் சிவக்காது, அவ்வளவுதான். புத்தகத்தில் தஹினி என்று வந்தால் அது எள்ளு அரைத்த விழுது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளை லேசாக வறுத்து அரையுங்கள், தோலோடு கறுப்பு எள்ளை அரைத்தால் கசக்கும். கஜுக் கிரீமுக்கு நான் வறுத்த கச்சான் விழுதைத் தேங்காய்ப்பாலில் கரைத்துச் சேர்க்கிறேன். உறைப்புக் கறிக்குச் சரிவரும், இனிப்புக்குச் சரிவராது. ஊட்ட ஈஸ்ட் என்று வந்தால் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் அது சுவைக்கு மட்டும்தான்.

கடையில் வாங்குகிறவற்றுக்குப் புத்தகம் உதவாது, பெட்டியின் பின்பக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும். சில மார்ஜரின்களில் பாற்திண்மம் உண்டு, பல பிஸ்கட்டுகளில் பால்மா உண்டு, பணிஸின் மேல் முட்டை பூசுவார்கள். சோயாமீற் சோயா மாவில் செய்வது, ஆனால் கூட வருகிற சுவைத்தூள் பைக்கற்றில் என்ன இருக்கிறது என்று வாசித்துவிட்டுப் போடுங்கள்.

உடம்பைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் சமையல் புத்தகங்கள் இதில் கவனமாக இருப்பதில்லை. விற்றமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. இது உறுதியான விஷயம். கீரை கூடச் சாப்பிட்டால் வரும், புளித்த மாவில் வரும் என்று எழுதியிருக்கிற எந்தப் புத்தகத்தையும் அந்த விஷயத்தில் நம்பாதீர்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை, குளிசையாகவோ செறிவூட்டிய உணவாகவோதான் எடுக்க வேண்டும். தேங்காய்ப்பால் மாட்டுப்பாலுக்குச் சுவையில் ஈடு, புரதத்திலும் கல்சியத்திலும் ஈடு இல்லை. கல்சியத்துக்குக் குரக்கன் இருக்கிறது, 100 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம், எள்ளும் முருங்கையிலையும் இருக்கின்றன. அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எவ்வளவு குளிசை, பிள்ளைகளுக்கும் இதே சாப்பாடா என்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்லக்கூடாது. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள்.

புத்தகங்களை வைக்கிற இடம் பற்றிக் கொஞ்சம். குசினியில் வைக்காதீர்கள், விறகுப் புகையும் எண்ணெயும் ஒரே வருடத்தில் தாளை மஞ்சளாக்கிவிடும். சமைக்கிற பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துச் சுவரில் குத்துங்கள். வன்னியில் எதிரி கறையான். இரும்பு ராக்கையைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கடைசித் தட்டு நிலத்தில் படக்கூடாது, மாரி முடிந்ததும் தையில் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் விரித்துக் காற்றாடவிடுங்கள். காய்ந்த வேப்பிலை வைத்தால் பூச்சி வராது என்பார்கள். நான் வருடக்கணக்காக வைக்கிறேன், ஆனால் கறையானை அது நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. அலுமாரியில் போடுகிற நப்தலீன் பூச்சி உருண்டைகள் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது. உங்கள் அலுமாரியில் முதலாவதாக வைக்கவேண்டியது நீங்களே எழுதுகிற கொப்பி. என் அம்மாவிடம் ஒரு சமையல் கொப்பி இருந்தது. 2009 இடப்பெயர்வில் எந்த இடத்தில் அதை விட்டோம் என்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு அதில் இருந்தவற்றைத் திருப்பி எழுத நினைத்து, வெந்தயக் குழம்பு ஒன்றை மட்டும் பெரியம்மாவிடமும் இரண்டு சித்திமாரிடமும் கேட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள், ஒவ்வொருவரும் இதுதான் உன் அம்மா வைத்தது என்றார்கள். மூன்றையும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றும் நனிசைவம்தான். மீன் போடாத ஒடியற்கூழ் எப்படி, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் எந்த வரிசையில் போடுவது, பழப்புளி எப்போது விடுவது என்பதை எந்த நாட்டில் அச்சான நனிசைவப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. உங்கள் ஊரில் எழுபது எண்பது வயதில் இருக்கிற யாரோ ஒருவர் சொல்லுவார். ஒன்றுவிட்ட அக்காவிடமும் கேளுங்கள். புத்தகத்தோடு சேர்த்து, உங்கள் பெரியம்மா அங்கே என்ன சமைக்கிறார் என்பதைக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுகிற பக்கங்களைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்புங்கள், ஒரு பிரதி கடலுக்கு அப்பால் இருக்கட்டும்.

மெல்லிய பயிற்சிக் கொப்பி வேண்டாம், மட்டை தடித்த சீ.ஆர். கொப்பியாக வாங்குங்கள். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், யார் சொன்னது, எந்தத் திகதி, எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்து. இடப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டாம்முறை சமைக்கும்போது உப்புக் கூடியது, பால் பிந்தி விட்டது என்று எழுத அந்த இடம் தேவைப்படும்.